கீழ்வீட்டுக் குடித்தனம்

என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று முடிவானபோது, எங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் மூன்று பஸ் இருந்தது. கடற்கரையில் எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூர், அங்கிருந்து பாளையங்கோட்டை, இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஒரு டவுன் பஸ். விடிவதற்குள் கிளம்பினால் ஒன்பது மணிக்குப் போய்ச் சேருவோம். நான்கு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுற்றும். காப்பீட்டு அட்டை இருந்ததால் அதற்குக் காசு கிடையாது. திரும்பி வீடு வந்து சேர இருட்டிவிடும். அவர் இருபது வருடம் விசைப்படகு ஓட்டியவர். கடலில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்து இறங்கும் முகத்தில்கூட நான் அப்படிக் களைப்பைப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் அப்படிப் போனோம். மாசித் திருவிழா வந்தது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டை அடைத்து நடந்தார்கள். நாங்கள் திரும்பி வந்த பஸ் ஆழ்வார்திருநகரி தாண்டி நகரவே இல்லை. வெயில் தாங்கவில்லை. என் தோளில் சாய்ந்திருந்தவர் அப்படியே சரிந்து இரண்டு சீட்டுக்கு நடுவில் விழுந்துவிட்டார். கண்டக்டர் ஓடி வந்தார். பின்சீட்டு அம்மா ஒருத்தர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைக்கப் போனார். நான் தட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஆஸ்பத்திரியில் அளந்து சொல்லியிருந்தார்கள், எனக்கு அந்த நேரத்தில் அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

"என்ன பொம்பள நீ? மனுசன் மயங்கிக் கெடக்கான், ஒரு வாய்த் தண்ணி குடுக்க விடமாட்டேங்க?" என்று பஸ்ஸே என்னைத் திட்டியது.

அடுத்த தடவை போனபோது நர்ஸ் சொன்னார், மிஷினிலிருந்து இறங்கி பிரஷர் குறைந்து விழுந்தால் ஒரு வாய் கொடுத்திருக்கலாம் என்று. நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கே, திருநெல்வேலியில் வீடு பார்த்துவிடுவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். ஃபைபர் படகில் இருந்த அவருடைய பங்கைச் சொந்தக்காரர் ஒருவருக்கு விற்றார். அந்தப் பணம் அட்வான்சுக்கு. மாத வாடகைக்கு நான் தைப்பது. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நைட்டி தைத்துக் கொடுக்க ஆள் தேடினார்கள். என்னிடம் தையல் மிஷின் இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ரெண்டு பேருக்கு ஒரு வீடு கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் நான் மட்டும் பஸ் ஏறி வந்து புரோக்கர் அண்ணாச்சி ஒருவரோடு அலைந்தேன். அறுபது வயதிருக்கும். ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். ஆஸ்பத்திரிப் பக்கம் முதலில் பார்த்த வீடுகளெல்லாம் மாடி. என் கணவரால் பத்துப் படி ஏற முடியாது. கீழ்வீடு இருந்த இடத்தில் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. பிறகு ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தெருவில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீடு. மோர் கொடுத்தார்கள். அவர் மிகவும் தன்மையாகப் பேசினார்.

"நாங்க சைவம். நீங்க எப்படிம்மா?"

"வீட்ல மீன் ஆக்கமாட்டோம் சார்."

"எந்த ஊர்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவர் சிரித்தார். "கடற்கரைக்காரங்க மீன் இல்லாம எப்படிம்மா இருப்பீங்க? உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்." டம்ளரை நான் கழுவி வைக்கப் போனேன். வேண்டாம், அங்கேயே வையுங்கள் என்றார்.

டவுனைத் தாண்டி ஒரு கிராமத்தில் பார்த்த வீட்டுக்காரர் மோரெல்லாம் கொடுக்கவில்லை. வாசலில் நிற்க வைத்தே, "நீங்க என்ன ஆளுக?" என்றார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்றேன். "அது சரி. அதுல என்ன?" என்றார். சொன்னேன். "நம்ம தெருவுல வேற ஆளுகளுக்கு விடுததில்ல" என்று புரோக்கரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்தது எங்கள் மதத்துக்காரர்கள் வீடு. நிலைக்கு மேல் மாதா படம் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது போலிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி முடிந்து அவரையும் கூட்டிப் போயிருந்தேன். அந்த வீட்டம்மா அவர் முகத்தின் வீக்கத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொந்த மனுஷியிடம் சொல்வது போல் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிறேன் என்றார். வெள்ளையடித்துத் தருவதாக, அடுத்த வாரமே வரலாம் என்பதாகப் பேச்சு. மறுநாள் புரோக்கர் போன் பண்ணினார்.

"வேண்டாம்னுட்டாவம்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"ஏன்னா? நீங்க எதுக்கு அம்புட்டையும் சொல்லுதிய? வாடகை வீட்ல ஒரு சாவு விழுந்துச்சுன்னா அடுத்து குடி வர ஆள் கிடைக்காது. அவுக யோசிக்கத்தான் செய்வாவ." பிறகு சொன்னார். "டயாலிசிஸ்னு வாயத் தொறக்காதீய. சுகர்னு சொல்லுங்க. சுகர் இல்லாத வீடு கிடையாது."

நான் அதை என் கணவரிடம் சொன்னேன். "சுகர்னே சொல்லு" என்றார்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் கீழ்வீடு. சேரன்மகாதேவி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு ஊர். வயலை மூடி மனை போட்டு வரிசையாக வீடு கட்டியிருந்தார்கள். இரண்டு மனைக்கு ஒரு மனையில் இன்னும் நெல் நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடன் வாங்கிக் கட்டிய வீடு. அவர்கள் மேலே இருந்துகொண்டு கீழே வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டு விஷயமெல்லாம் அவர் மனைவி, அந்த அக்காதான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு, படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருவார்.

"பிள்ளைய எத்தன?"

"இல்லக்கா."

"ஒண்ணுகூடவா?" என்று கேட்டுவிட்டு, பாவமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார். "செவுரு சுத்தமா இருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"சாருக்கு உடம்புக்கு என்ன?"

"சுகர்க்கா. கால்ல புண்ணு. வாரத்துல மூணு நாள் மருந்து கட்டப் போவணும்."

என் கணவர் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் ஆபரேஷன் செய்து நரம்பை இணைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு போலத் தடித்து முறுக்கிக்கொண்டு நிற்கும். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்த ஓட்டம் இருக்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்க எனக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை மறைக்கத்தான் சட்டை. நாற்பதாயிரம் அட்வான்ஸ், நாலாயிரத்து ஐநூறு வாடகை. எண்ணிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ், இல்லாவிட்டால் அரைமணி நேர ஆட்டோ.

சித்திரையில் குடி வந்தோம். அக்னி நட்சத்திர வெயிலில் முழுக்கைச் சட்டையோடு இருந்தார். கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றுவார். வெளியே மோட்டார் போட்டால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம்தான் அவரை வாட்டியது. ஒரு நாளைக்கு அவருக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். சோற்றில் உள்ளது, காப்பியில் உள்ளது எல்லாம் சேர்த்து. "ஏளா, அந்த மோட்டார நிறுத்தச் சொல்லேன்" என்பார் சில நேரம். சொல்ல முடியுமா?

மற்றபடி அந்த அக்காவோடு எனக்கு ஒட்டுதல் ஏற்பட்டுவிட்டது. ஊரிலிருந்து யாராவது சாளை மீன் கொண்டுவந்தால் குழம்பு வைத்து மேலே கொடுத்து அனுப்புவேன். அவர் கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டார், முருங்கைக்காயோ பச்சரிசியோ போட்டுத் தருவார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. ஏழெட்டு ஜாக்கெட் துணியை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். "ஒன் கை ராசியா இருக்கட்டும்" என்றார். நான் அளவு ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். சொல்லிவிடலாமா என்று அன்றைக்கு நினைத்தேன். சொல்லவில்லை.

ஐப்பசியில் தெரிந்துபோயிற்று. விடாமல் மழை பெய்து ஒருநாள் வெறித்திருந்தது. என் கணவர் பின்பக்கக் குழாயடியில் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார், சட்டை கொடியில் கிடந்தது. மேலே தண்ணீர் வரவில்லை என்று அக்கா மோட்டாரைப் பார்க்க இறங்கி வந்தார். அவர் வருகிற சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் பார்த்துவிட்டார்.

என் கணவர் துண்டை எடுத்துக் கையை மூடினார். அக்கா பக்கத்தில் வந்து துண்டை விலக்கினார். இரண்டு விரலை எடுத்து, அந்தத் தடித்த நரம்பின் மேல் சரியான இடத்தில் வைத்தார். தெரியாத ஒருவர் அங்கே வைத்திருக்க முடியாது.

"எந்தம்பிக்கு இருந்துச்சு" என்றார். "ரெண்டு வருசம்."

அக்கா மோட்டாரைப் போடாமலே மேலே ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட நீ பொய் சொல்லிட்ட."

"வேற வழியில்லக்கா. உண்மையச் சொன்னா யாரும் வீடு தரல."

"எந்தம்பி எங்க அம்ம வீட்ல வச்சுத்தான் போனான். கெட்ட நட்சத்திரத்துல போயிட்டான்னு ஆறு மாசம் அந்த வீட்ட அடச்சுப் போட்டோம். வெளக்குக்கூட ஏத்தல. எங்க அம்ம பக்கத்து வீட்டுத் தாவாரத்துல கெடந்தா." அவர் குரல் உயரவே இல்லை. "தையில எம்மவளுக்குக் கல்யாணம். மாப்ள வீட்ல நாள் நட்சத்திரம் பாக்கவங்க. இங்கன வச்சு ஒண்ணு ஆச்சுன்னா கல்யாணம் நின்னு போவும். கார்த்திகை முடியதுக்குள்ள வேற வீடு பாத்துக்க."

"அவுகளுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. பத்து வருசம் இருக்கவங்கல்லாம் ஆஸ்பத்திரில இருக்காவ."

"அத நீ என்கிட்ட சொல்லாத. நான் பாத்தவ."

போகும்போது ஜாக்கெட் துணிகளைக் கேட்டார். இரண்டு தைத்து முடித்திருந்தேன். அந்த இரண்டையும் சேர்த்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கூலி எவ்வளவு என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. வீடு காலி செய்யச் சொன்னதற்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கதவைத் தட்டினார். கையில் ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி. "தாகத்துக்கு தண்ணி குடுக்காத. ஒரு கட்டிய வாயில போட்டுக்கிடச் சொல்லு. ரொம்ப நேரம் தாங்கும். எந்தம்பிக்கு அப்படித்தான்" என்றார். அதிலிருந்து தினமும் ஒரு மணிவாக்கில் ஐஸ் வந்தது. ஒரு நாளும் தவறவில்லை. கார்த்திகை முடிவதற்குள் போய்விட வேண்டும் என்பதையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினேன். என் கணவர் ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அவுக கேக்கதுல என்னளா தப்பு? எனக்கு ஒரு பொட்டப்பிள்ள இருந்து அதுக்குக் கல்யாணம்னா நானும் கேப்பேன்" என்றார். ஒருநாள் அக்கா ஐஸ் கொண்டுவந்தபோது அவரே எழுந்து வாசலுக்குப் போனார்.

"எக்கா, ஒங்க வீட்ல வச்சு எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் வாக்குக் குடுக்கேன். நீங்க பயப்படாம கல்யாண வேலையப் பாருங்க."

அக்கா அவரையே பார்த்தார். "அது ஒங்க கையிலயா இருக்கு தம்பி?" என்றார்.

புரோக்கர் அண்ணாச்சி மறுபடியும் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு அலைந்தார். கார்த்திகை மழை. ஒரு வீட்டில் கூரை ஒழுகியது, அதற்கும் எங்களை விட அதிகம் கொடுக்க ஆள் இருந்தது. இன்னொன்றில், இப்போதிருக்கும் வீட்டை எதற்குக் காலி செய்கிறீர்கள் என்று கேட்டு, எங்கள் பதிலில் திருப்தியில்லாமல், எங்கள் அக்காவுக்கே போன் போட்டுவிட்டார்கள். அக்கா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த வீடு கிடைக்கவில்லை. சில நாள் என் கணவரும் கூட வந்தார். நடக்க முடியாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். முழுக்கைச் சட்டையை இப்போதும் கழற்றவில்லை. அது பழகிவிட்டது.

ஒரு ராத்திரி, ஊருக்கே போய்விடலாமா என்றார். போனால் பழையபடி மூன்று பஸ். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாவதைத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் தூங்கிவிட்டது போல் கிடந்தேன்.

கார்த்திகை முடிந்தது. அக்கா எதுவும் கேட்கவில்லை. ஆனால் காலையில் படியிறங்கும்போது எங்கள் கதவுக்கு நேராக ஒரு நிமிடம் நிற்பார். உள்ளே அவர் இருமும் சத்தமோ பேச்சுச் சத்தமோ கேட்ட பிறகு போவார். அது தெரிந்து, படியில் காலடி கேட்டால் என் கணவர் வேண்டுமென்றே இருமுவார். இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

மார்கழி பிறந்ததும் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவிட்டோம். அக்காவிடம் கேட்டுத்தான் செய்தேன். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெளியே பெயின்ட் அடிக்க இரண்டு பேர் சாரம் கட்டி ஏறியிருந்தார்கள், அவர்களே ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தார்கள்.

டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்குப் பிறகு திங்கள்வரை இரண்டு நாள் இடைவெளி, அதுதான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். நெஞ்சு கனமாக இருக்கிறது என்றார். எல்லாத் திங்கட்கிழமையும் சொல்வதுதான். வழக்கமாக வரும் ஆட்டோ பத்து மணிக்கு வரும். நான் குசினிக்குப் போய் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது.

கூப்பிட்டேன். உலுக்கினேன். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றி, நரம்பைத் தொட்டேன். உள்ளே ஓட்டம் இல்லை. இரண்டு விரலையும் அழுத்தி, இடம் மாற்றி, மறுபடி அழுத்திப் பார்த்தேன். எதுவும் இல்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மூன்றடி தூரத்தில், பெயின்டர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே அக்கா நடக்கும் சத்தம். நான் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டேன். அது யாருக்காகச் செய்தேன் என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் வாக்குக் கொடுத்திருந்தார், அது ஒன்று. அந்தப் பிள்ளையின் கல்யாணம், அது ஒன்று. நான் கத்தினால் அந்த நிமிடத்திலிருந்து அவரைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம், அதுவும்தான். எல்லாம் அந்த நேரத்தில் யோசித்துச் செய்ததில்லை. வாயில் துணி இருந்தது, கை தானாக வேலை செய்தது.

அவர் கண்ணை மூடிவிட்டேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டேன். வாய் மூடவில்லை. ஒரு துண்டை எடுத்துத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். மார்கழிக் குளிருக்கு அப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு. நெற்றியில் சிலுவை போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். ஆட்டோ வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோ வந்ததும் வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு, படியடியில் நின்று கூப்பிட்டேன்.

"எக்கா, இவுகளுக்கு ரொம்ப முடியல. ஒரு கை பிடிங்க."

அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை வைக்கப் பாபநாசம் பக்கம் போயிருந்தார். அக்கா மட்டும் இறங்கி வந்தார். கட்டில் பக்கம் வந்து அவர் கக்கத்தில் கை கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"மயக்கம்க்கா" என்றேன்.

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பெயின்டர்களில் ஒருவன் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "ஆமா, நல்ல மயக்கமாத்தான் இருக்கு. பைய தூக்கு. தம்பி, கால ஊணிக்கிடுங்க, இந்தா வந்தாச்சு."

இரண்டு பேரும் தூக்கினோம். அவர் மெலிந்து போயிருந்தார், ஆனாலும் அந்தக் கனம் எனக்கு இப்போதும் தோளில் இருக்கிறது. வாசல்படியில் கால் இழுபட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து காலைப் பிடித்தார். உட்கார வைத்ததும் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. அக்கா, செருப்புகூடப் போடாமல், அந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்து தோள் கொடுத்தார்.

"ஏலே, அந்தச் செவுர முடிச்சிருங்க. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று பெயின்டர்களிடம் சொன்னார்.

ஊருக்குள் தெரு குறுகல். டீக்கடைப் பக்கம் ஆட்டோ நின்று நகர வேண்டியிருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்து, "என்னக்கா, கீழ்வீட்டுச் சாருக்கு என்ன?" என்றார்.

"சுகர் கூடிட்டு" என்றார் அக்கா. அவர் இடது கை என் கணவரின் முதுகுக்குப் பின்னால் வந்து, அவர் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது, தலை தொங்காமல் இருக்க. நான் சேலைத் தலைப்பை மறுபடி வாய்க்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேன் எதிரே வந்தது. வழி விட்டோம்.

சேரன்மகாதேவி ரோட்டில் ஏறியதும் அக்கா சொன்னார். "ஊரு தாண்டியாச்சு. இனி அழு."

எனக்கு அழுகை வரவில்லை. வாயிலிருந்த சேலைத் தலைப்பை எடுத்தேன், நாக்கு உலர்ந்து ஒட்டியிருந்தது. அக்காதான் அழுதார். சத்தமில்லாமல், தம்பி, தம்பி என்று சொல்லிக்கொண்டே அழுதார். எந்தத் தம்பியைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு அவர் ஹாரனே அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, எப்போது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அக்கா, "வாற வழியில" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

என் அண்ணன் ஊரிலிருந்து வந்து சேரும்வரை அக்கா என்னோடு வராந்தாவில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் வந்ததும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். என் கணவரை ஆம்புலன்சில் நேராகக் கடற்கரைக்குக் கொண்டு போனோம். நாங்கள் எட்டு மாதம் குடியிருந்த வீட்டுக்கு அவர் திரும்பவில்லை. ஊரில் பங்குச் சாமியார், சாவுக்கு முன் எண்ணெய் தொட்டுக் கொடுக்கும் கடைசிப் பூசுதல் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் அடக்கம். ஊரே கூடி அழுதது. நான் சத்தம் போட்டு அழுதேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அண்ணி சொல்கிறாள், நீ ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை, எங்களுக்குப் பயமாகிவிட்டது என்று.

பத்து நாள் கழித்துச் சாமான்களை எடுக்க அண்ணனோடு போனேன். எல்லாவற்றையும் அக்கா ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார். தரை கழுவி விட்டிருந்தது, உள்சுவருக்கும் வெள்ளையடித்தாகிவிட்டது. அண்ணன் தையல் மிஷினை வண்டியில் ஏற்றப் போனபோது அக்கா அட்வான்ஸ் பணத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். அந்த மாத வாடகை பாக்கி இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார். வெள்ளையடித்த கூலிக்கும் எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை.

பிறகு கதவைப் பாதி சாத்தினார்.

"எத்தன மணிக்கு?" என்றார்.

அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். எந்த நேரம் நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரியாது, அதனால் எந்தப் பொய் அவருக்கு உதவும் என்பதும் தெரியாது. "ஒம்பதே முக்கால்" என்றேன். அந்த உண்மையை நான் வேறு யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை, அண்ணனிடம்கூட.

அவர் இடுப்பிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். நாள்காட்டியிலிருந்து கிழித்த அந்தத் திங்கட்கிழமைத் தாள். பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். வெகுநேரம் ஆனது.

"நல்ல நேரந்தான்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாளைச் சிறிதாக மடித்து மறுபடி இடுப்பில் செருகினார். "அவருக்குத் தெரியாண்டாம்" என்றார் தன் கணவரைப் பற்றி. சரி என்றேன். தையில் கல்யாணம் நடந்தது. நல்லபடியாக நடந்ததாகப் புரோக்கர் அண்ணாச்சி சொல்லிக் கேள்விப்பட்டேன்.

நான்கு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் இருந்தால் தைத்துச் சாப்பிட முடியாது, கடைக்காரர்கள் நெல்லையில் இருக்கிறார்கள். மறுபடி புரோக்கர் அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். ஒரு ரூம் போதும் என்றேன். என்னிடம் கமிஷன் வேண்டாம் என்றார். கூடவே இதையும் சொன்னார்.

"தனியா இருக்கேன்னு சொல்லாதீயம்மா. தம்பி ஒருத்தன் துபாயில இருக்கான், வந்து போவான்னு சொல்லுங்க."

எனக்குத் தம்பி கிடையாது. முதல் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன் என்று சொன்னேன், கிடைக்கவில்லை. இரண்டாவது வீட்டில், ராத்திரி தையல் மிஷின் ஓடக் கூடாது, ஆண்கள் யாரும் வரக் கூடாது, அண்ணன்கூட வாசலோடு போய்விட வேண்டும் என்றார்கள். நானே வேண்டாம் என்று வந்துவிட்டேன். மூன்றாவது வீடு பாளையங்கோட்டையில், பின்கட்டில் ஒற்றை அறை. அந்த வீட்டம்மா என்னைவிடச் சின்னவர். கணவர் எங்கே என்று கேட்டார். சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டார் என்றேன். எங்கே வைத்து என்று கேட்டார்.

"இந்த மாதிரி ஒரு வாடகை வீட்ல வச்சு" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. புரோக்கர் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தம்மா என்னையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். அட்வான்சில் பத்தாயிரம் கூட்டிச் சொன்னார். பிறகு, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், பிடித்து வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்றேன்.